வல்லிய மருந்தை ஏன் நிறுத்தினார்கள்?

வாசகர் கேள்வி:

வணக்கம் சார். நாங்கள் மார்த்தாண்டம் பக்கம். அப்பாவுக்கு 74 வயது, எடை 54 கிலோ. முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். பதினைந்து வருடமாகச் சுகர் உண்டு. போன மாதம் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், இடுப்பு வலி, மூத்திரம் போனால் எரிச்சல். முதலில் மருந்துக்கடையில் சொல்லி ஒரு ஆன்டிபயாடிக் வாங்கி மூன்று மாத்திரை கொடுத்தோம். கேட்கவில்லை. பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டையில் சேர்த்தோம். மெரோபெனம் என்ற ஊசியை நாளுக்கு மூன்று முறை போட்டார்கள். மறுநாள் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்து ஃபைலைப் புரட்டினார். 'கிளினிக்கல் பார்மசிஸ்ட்' என்று சொன்னார்கள். அதன் பிறகு ஊசி இரண்டு முறையாகக் குறைந்தது. மூன்றாம் நாள் அவர் மறுபடி வந்து டாக்டரோடு பேசினார். அந்த ஊசியையே நிறுத்திவிட்டு, செஃப்ட்ரியாக்சோன் என்ற வேறு ஊசியை நாளுக்கு ஒரு தடவை போட்டார்கள். ஐந்தாம் நாள் மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லாம் சேர்த்து ஏழே நாள் மருந்து.

அப்பா இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "கார்டுல சேத்ததுனால வல்லிய மருந்த நிறுத்திட்டு வெல கொறஞ்சதப் போட்டுட்டாவ. மருந்துக்கடை படிப்பு படிச்ச பிள்ள சொல்லி டாக்டர் எப்பிடி மருந்த மாத்தலாம்?" என்கிறார். மறுபடி ஒரு மூத்திரப் பரிசோதனை எடுக்கவும் சொல்கிறார். எங்களை ஏமாற்றிவிட்டார்களா? டிஸ்சார்ஜ் சம்மரியும் கல்ச்சர் ரிப்போர்ட்டும் இணைத்திருக்கிறேன். இன்னொன்று, என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இந்தப் படிப்பைப் பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நானும் ஒரு கிளினிக்கல் பார்மசிஸ்ட்தான், வார்டில் நோயாளிகளின் மருந்துகளைச் சரிபார்ப்பது என் வேலை. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். நீங்கள் அனுப்பிய தாள்களைப் பார்த்தவரை உங்களை யாரும் ஏமாற்றவில்லை. அப்பாவுக்கு மருந்தைக் குறைத்தது, மாற்றியது, ஏழு நாளில் முடித்தது எல்லாமே வைத்தியத்தின் பகுதிதான்.

அதற்காக அண்ணன் கேட்டது தப்பு என்று சொல்லமாட்டேன். காப்பீட்டு அட்டையில் சேர்த்தால் இந்த நோய்க்கு இவ்வளவு தொகை என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குள் மருந்துச் செலவு குறைந்தால் லாபம் ஆஸ்பத்திரிக்கு. ஆகவே சந்தேகப்பட இடம் இருக்கிறது. கையிலிருந்து காசு கட்டுகிறவருக்கோ கணக்கு நேர் எதிர். மெரோபெனத்தின் விலை செஃப்ட்ரியாக்சோனைவிடப் பல மடங்கு. அதை இன்னும் ஐந்து நாள் ஓட்டினால் பில் ஏறும், "காசுக்காக இழுத்தடிக்கிறார்கள்" என்று அங்கே ஒரு அண்ணன் சொல்லுவார். பணத்தை மட்டும் வைத்து யோசித்தால் இரண்டு பக்கமும் சந்தேகப்படலாம், முடிவுக்கு வர முடியாது.

அதனால் நான் விலையைப் பார்க்கவில்லை. மருந்தை மாற்றிய அன்று காய்ச்சல் இறங்கியிருந்ததா, கல்ச்சர் ரிப்போர்ட் (கிருமியை லேபில் வளர்த்து, எந்த மருந்துக்குப் பணியும் என்று பார்த்துச் சொல்வது) கைக்கு வந்திருந்ததா, மாற்றியதற்குக் காரணம் எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தேன். மூன்றும் இருக்கிறது. மூன்றாம் நாளுக்கு எதிரே, 24 மணி நேரமாகக் காய்ச்சல் இல்லை, பி.பி. சீராக இருக்கிறது, கல்ச்சர்படி மருந்து மாற்றம் என்று எழுதியிருக்கிறார்கள். இந்த மூன்றும் இல்லாமல் மருந்து மாறியிருந்தால் நானும் உங்கள் அண்ணன் பக்கம் நின்றிருப்பேன்.

சரி, முதலில் ஏன் மெரோபெனம் போட்டார்கள்? 74 வயது, சுகர், நடுக்கத்தோடு காய்ச்சல். வந்த அன்று பி.பி. இறங்கியிருந்தது என்று சம்மரியில் இருக்கிறது. சிறுநீரில் ஏறிய கிருமி ரத்தத்துக்குப் போகிறதோ என்று டாக்டர் பயப்பட வேண்டிய நிலை. எந்தக் கிருமி என்று அந்த நிமிஷம் யாருக்கும் தெரியாது. நம் நாட்டில் சிறுநீர்த் தொற்று உண்டாக்கும் ஈ.கோலை கிருமிகளில் பல, செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துகளை உடைத்துப்போடும் நொதியை வைத்திருக்கின்றன. அதனால் நிலை மோசமாக இருக்கும்போது அகலமாக வலை வீசுவதுதான் முறை. அதில் தப்பே இல்லை. வலை வீசுவதற்கு முன்னால் சிறுநீரும் ரத்தமும் கல்ச்சருக்கு எடுத்துவிட வேண்டும்; எடுத்திருக்கிறார்கள்.

அடுத்தது, மூன்று முறை இரண்டு முறையானது. இது உங்களைப் பயமுறுத்தியிருக்கலாம். உண்மையில் அந்தப் பெண் செய்த வேலைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

மெரோபெனம் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால் மருந்து உடம்பில் தேங்கும். தேங்கினால் குழப்பம், சில நேரம் வலிப்பு வரை போகலாம். கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவு, சிறுநீரகம்தான் அதை வெளியேற்றும். அப்பாவுக்கு அது 1.7. பார்த்தால் கொஞ்சம்தான் கூடுதல் போலத் தெரியும். ஆனால் வயதானவர்களுக்கு, அதுவும் மெலிந்த உடம்புக்காரர்களுக்கு, இந்த எண் ஏமாற்றும். தசை குறைவாக இருந்தால் கிரியாட்டினின் உற்பத்தியும் குறைவு. அதனால் நாங்கள் ஒரு கணக்குப் போடுவோம். 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72 மடங்காக்கி அதால் வகுப்பது. பெண்களாக இருந்தால் 0.85-ஆல் இன்னொரு பெருக்கல். அப்பாவுக்கு 66-ஐ 54-ஆல் பெருக்கினால் 3,564. கீழே 122.4. விடை சுமார் 29, அதாவது சிறுநீரகம் நிமிடத்துக்கு அவ்வளவு மில்லிதான் சுத்தம் செய்கிறது. நல்ல சிறுநீரகத்துக்கு 100-ஐ ஒட்டி வரும். 26-க்கும் 50-க்கும் இடையில் இருப்பவர்களுக்கு மெரோபெனம் 12 மணி நேரத்துக்கு ஒரு முறைதான். முதல் நாள் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று கொடுத்ததும் தப்பில்லை. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் முதல் டோஸ்களை வெட்டக் கூடாது. அது தாண்டியதும் குறைக்க வேண்டும், குறைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கை யாரும் போடாமல் விட்டிருந்தால் ஐந்தாம் நாள் அப்பா ஆளை மாற்றிப் பெயர் சொல்ல ஆரம்பித்திருக்கலாம். நீங்களும் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள்.

இப்போது கல்ச்சர் ரிப்போர்ட்டுக்கு வருவோம். அதில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே எஸ், ஐ, ஆர் என்று எழுத்துகள் இருக்கும். எஸ் என்றால் அந்த மருந்துக்கு இந்தக் கிருமி பணியும். ஆர் என்றால் பணியாது. ஐ இரண்டுக்கும் நடுவில். பலர் ஆர் என்பதை "எனக்கு அந்த மருந்து ஆகாது" என்று படிக்கிறார்கள். அது கிருமியைப் பற்றிய செய்தி, உங்களைப் பற்றியது இல்லை. பக்கத்தில் இருக்கும் எண்கள், கிருமி வளராமல் தடுக்க எவ்வளவு மருந்து தேவை என்று காட்டுபவை. அவற்றையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடக் கூடாது. ஒரு மருந்துக்கு 0.25, இன்னொன்றுக்கு 2 என்றிருந்தால் முதலாவதுதான் பலமானது என்று அர்த்தமில்லை, ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு. உங்கள் ரிப்போர்ட்டில் ஈ.கோலை வளர்ந்திருக்கிறது. மெரோபெனத்துக்கும் எஸ், செஃப்ட்ரியாக்சோனுக்கும் எஸ், சிப்ரோஃப்ளாக்சசினுக்கு ஆர். அதாவது நொதி வைத்திருக்கும் கிருமி இல்லை. சாதாரண ஊசியே போதும் என்று கிருமியே எழுதிக்கொடுத்துவிட்டது. செஃப்ட்ரியாக்சோனுக்கு இந்த அளவு சிறுநீரகக் குறைவில் டோஸ் மாற்றவும் வேண்டாம்.

அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். பட்டையை வெட்டும்போது கத்தி எவ்வளவு ஆழம் போகலாம்? உள்மரத்துக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை மிச்சம் விட்டு வெட்டுவதுதான் கை. ஆழமாகப் போட்டால் அன்றைக்குப் பால் கூடத்தான் வரும். ஆனால் மரம் காயப்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, அந்தப் பக்கம் மறுபடி வெட்ட முடியாமல் போகும். மெரோபெனம் ஆழமாகப் போகும் கத்தி. குடலில் நமக்கு வேண்டிய கிருமிகளையும் சேர்த்து அழிக்கும். அந்தக் காலி இடத்தில் மெரோபெனத்துக்கே பணியாத கிருமி குடியேறலாம். அடுத்த வருடம் அப்பாவுக்கு மறுபடி சிறுநீர்த் தொற்று வந்தால், அன்றைக்குக் கையில் மிஞ்சியிருப்பது கோலிஸ்டின் மாதிரி சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்தாக இருக்கலாம். 29 மில்லியில் ஓடும் சிறுநீரகத்துக்கு அது தாங்குமா? ஊருக்கும் நாட்டுக்கும் நல்லது என்று சொல்லுவார்கள், அதுவும் சரிதான். ஆனால் எனக்கு முதலில் தெரிவது அப்பாவின் அடுத்த தொற்றுதான்.

'வல்லிய மருந்து' என்ற சொல்லோடு எனக்கு ஒரு வழக்கே உண்டு. வார்டில் நாளுக்கு நாலு தடவை கேட்கிறேன். விலை கூடினதும் ஊசியாகப் போடுவதும்தான் வல்லியது என்று ஒரு நினைப்பு. ரப்பர் தோட்டத்திலும் வயலிலும் வேலை பார்ப்பவர்களுக்கு ஸ்க்ரப் டைஃபஸ் என்று ஒரு காய்ச்சல் வரும். சின்ன உண்ணிப்பூச்சி ஒன்றின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடம் கக்கத்திலோ தொடை இடுக்கிலோ சிகரெட் சுட்ட வடு போலக் கருகியிருக்கும். பல நேரம் யாரும் துணியை விலக்கிப் பார்ப்பதில்லை. இந்தக் காய்ச்சலுக்கு மெரோபெனத்தை மாதக்கணக்கில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. விலை மலிவான டாக்சிசைக்ளின் மாத்திரைக்கு இரண்டு மூன்று நாளில் இறங்கும். அங்கே எது வல்லியது?

நாங்கள் குறைக்க மட்டும் வருகிறவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். மழைக்காலத்தில் சேற்று மண்ணிலிருந்து மெலியாய்டோசிஸ் என்று ஒரு நோய் வரும். சுகர்காரர்களைத்தான் தேடிப் பிடிக்கும். அதற்கு செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், அதற்கு மேல் மூன்று மாதமாவது மாத்திரை. காய்ச்சல் விட்டதும் வீட்டுக்குப் போகிறேன் என்று நிற்பவரை, "இல்லை அண்ணாச்சி, இன்னும் இருக்கு" என்று பிடித்து உட்கார வைப்பதும் எங்கள் வேலைதான்.

அண்ணனின் இரண்டாவது கேள்வி: பார்மசிஸ்ட் சொல்லி டாக்டர் மாற்றலாமா? மாற்றியது டாக்டர்தான். நம் நாட்டில் மருந்து எழுதும் அதிகாரம் பார்மசிஸ்ட்டுக்குக் கிடையாது. இங்கிலாந்தில் தனிப் பயிற்சி முடித்த பார்மசிஸ்ட் 2006 முதல் தாமே மருந்து எழுதலாம். இங்கே நாங்கள் சொல்வோம், டாக்டர் ஏற்பார் அல்லது ஏற்கமாட்டார், கையெழுத்து அவருடையது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2014-ல் ஆஸ்பத்திரிகளில் ஆன்டிபயாடிக்கைக் கவனமாகப் பயன்படுத்த ஏழு அடிப்படை அம்சங்களை வெளியிட்டது. அதில் ஒன்று, மருந்து தெரிந்த ஒருவரைப் பொறுப்பில் வைப்பது. அவர் டாக்டருக்கு மேலே இல்லை, பக்கத்தில் நிற்பவர். முப்பது நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் நோயைப் பார்க்கிறார். அந்த முப்பது பேரின் மருந்துச் சீட்டை மட்டும் பார்க்க இன்னொருவர் இருந்தால் அவருக்கு நிம்மதி. எல்லா டாக்டருக்கும் உடனே நிம்மதி வந்துவிடாது, அதையும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்த பிறகு தையல் பிரிக்கும் வரை ஊசி போட்டே ஆக வேண்டும் என்று நிற்கும் சர்ஜன்கள் உண்டு. சுத்தமான ஆபரேஷன் பலவற்றுக்குக் கத்தி வைப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் ஒரே ஒரு டோஸ் போதும். இதை நான் ஒரு மூத்த சர்ஜனிடம் சொல்லி, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ பிறக்கிறதுக்கு முன்னால இருந்து போடுறேன்" என்று சொன்னது நினைவிருக்கிறது. இரண்டு வருடம் கழித்து அவரே ஒரு டோஸுக்கு வந்துவிட்டார். என் பேச்சால் இல்லை, அவருடைய ஜூனியர் செய்து காட்டினார்.

கிளினிக்கல் பார்மசிஸ்ட்டின் காலை எப்படி இருக்கும் என்றால், டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்பே ஃபைல்களை எடுத்து உட்கார்ந்துவிடுவோம். யாருக்கு எந்த ஆன்டிபயாடிக், இன்றைக்கு எத்தனையாவது நாள், ராத்திரி காய்ச்சல் எவ்வளவு, இன்றைய கிரியாட்டினின் என்ன, லேபில் கல்ச்சர் என்ன ஆச்சு. லேபுக்குப் போன் அடித்து "வளர்ந்ததா?" என்று கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும், கேட்டுத்தான் ஆக வேண்டும். வாயால் சாப்பிடத் தொடங்கியவருக்கு இன்னும் ஊசி ஓடுகிறதா என்று பார்ப்போம். லினிசோலிட், லீவோஃப்ளாக்சசின் போன்றவை மாத்திரையாக விழுங்கினாலும் கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்துக்குப் போய்ச் சேரும். ஊசிக்குக் கூடுதல் பலம் எதுவும் இல்லை, கையில் குத்தின இடம் வீங்குவதுதான் மிச்சம். லீவோஃப்ளாக்சசினைக் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் ஒரு பகுதி வீணாகும். இதய வால்வு மாற்றி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மெட்ரோனிடசோல் எழுதினால் ரத்தக்கசிவு வரலாம். இப்படி ஒவ்வொன்றாக.

நான் தவறவிட்ட ஒன்றையும் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில், நிமோனியாவோடு வந்த ஒரு பெண்ணுக்கு மெரோபெனம். டோஸ் பார்த்தேன், சிறுநீரகக் கணக்குப் போட்டேன், கையெழுத்தும் போட்டேன். அவருக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு, வால்ப்ரோயேட் சாப்பிடுகிறார், மாத்திரை வீட்டிலிருந்து கொண்டுவந்த பையில் இருந்தது, ஃபைலில் இல்லை. மெரோபெனம் வந்தால் ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவு சரசரவென்று இறங்கிவிடும். டோஸைக் கூட்டினாலும் ஏறாது. மூன்றாம் ராத்திரி அவருக்கு வலிப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் ஃபைலைத் திறப்பதற்கு முன் கட்டிலுக்கு அடியிலிருக்கும் பையைத்தான் திறந்து பார்க்கச் சொல்கிறேன். அப்பாவை இனி எங்கே கொண்டு போனாலும் வீட்டு மாத்திரை எல்லாவற்றையும், சுகர் மாத்திரை, கஷாயம், கடையில் வாங்கினது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

கடையில் வாங்கினது என்றதும் உங்களைக் கொஞ்சம் கோபித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த மூன்று மாத்திரையைப் பற்றி ஆஸ்பத்திரியில் சொன்னீர்களா? சம்மரியில் அது இல்லையே. கல்ச்சருக்கு முன்னால் அரைகுறையாக ஆன்டிபயாடிக் உள்ளே போனால், கிருமி இருந்தும் லேபில் வளராமல் போகலாம். அப்படி ஆகியிருந்தால் எஸ், ஆர் எதுவும் தெரியாமல், மெரோபெனத்தை முழுக்க ஓட்டுவதைத் தவிர டாக்டருக்கு வழி இருந்திருக்காது. நல்லவேளை, வளர்ந்தது. கடைக்காரர் சீட்டு இல்லாமல் கொடுத்ததும் தப்பு. 2012-ல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி ஆன்டிபயாடிக் விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டார்கள். 2014 மார்ச் முதல் 'ஹெச்1' பட்டியல் நடைமுறைக்கு வந்தது: 46 மருந்துகள், அட்டையில் சிவப்புப் பெட்டி, விற்றால் நோயாளி பெயரும் டாக்டர் பெயரும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். செஃபிக்சைம், லீவோஃப்ளாக்சசின் எல்லாம் அதில் உண்டு. பட்டியலில் இல்லாத அமாக்சிசிலினுக்கும் சீட்டு வேண்டும்தான். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் கேரள அரசு கடைகளில் திடீர்ச் சோதனை தொடங்கியது. சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றேதான்.

ஏழு நாள் போதுமா என்பது அடுத்தது. நம் பெற்றோர் காலத்தில் பத்து, பதினாலு என்பதுதான் வழக்கம். யாரும் கிருமியைக் கேட்டு வைத்த எண்கள் இல்லை அவை. இப்போது ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், காய்ச்சல் சீக்கிரம் விட்ட சிறுநீரகத் தொற்றுக்கு ஏழு நாளும் பதினாலு நாளும் ஒரே பலன்தான் தருகின்றன. கல் அடைத்திருந்தாலோ, சீழ்க்கட்டி இருந்தாலோ, ஆண்களுக்குப் புராஸ்டேட்டில் தொற்று ஏறியிருந்தாலோ நாள் கூடும். அப்பாவுக்கு ஸ்கேனில் அப்படி எதுவும் இல்லை. "கோர்ஸை முடிக்கணும்" என்பது சரி. கோர்ஸ் எவ்வளவு என்பதுதான் குறைந்திருக்கிறது. அண்ணனுக்கு இன்னும் பயமாக இருந்தால் இதைச் சொல்லுங்கள்: ஆஸ்பத்திரிகளில் ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்படுத்தும் முயற்சிகளைப் பற்றிய 221 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2017-ல் தொகுத்தது. மருந்து நாட்கள் சராசரியாக இரண்டு நாள் குறைந்தன. இறப்பு கூடவில்லை.

எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சோமர்வெல் நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்த கதை நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் 1922 எவரெஸ்ட் பயணத்துக்குப் பிறகு இங்கே வந்தார். பெனிசிலினை பிளெமிங் கண்டது 1928-ல், மருந்தாகக் கைக்கு வந்தது நாற்பதுகளில். அதாவது அவர் இங்கே கத்தி பிடித்த முதல் இருபது வருடம் பெனிசிலின் இல்லாத காலம். மூத்திரத் தொற்றோடு ஒரு சுகர்காரர் வந்தால் அன்றைக்கு என்ன செய்திருப்பார்கள் என்று சில நேரம் யோசிப்பேன். சரி, அது கிடக்கட்டும்.

மறுபடி மூத்திரப் பரிசோதனை வேண்டாம். காய்ச்சலும் எரிச்சலும் இல்லாதபோது எடுத்தால், வயதான சுகர்காரர்கள் பலருக்குச் சும்மாவே கிருமி தெரியும். அதற்கு மருந்து கொடுத்தால் பலனில்லை, பக்கவிளைவு மட்டும் வரும். ரிப்போர்ட் வந்தபிறகு மருந்து கொடுக்காமல் இருக்க யாருக்கும் மனம் வராது, அதனால்தான் எடுக்கவே வேண்டாம் என்கிறேன். ஆனால் மறுபடி காய்ச்சல், குளிர் நடுக்கம், மூத்திரம் குறைவது, பேச்சில் தடுமாற்றம் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போங்கள். அடுத்த சில வாரத்தில் நாளுக்கு நாலைந்து தடவை தண்ணீராகப் போனாலும் காத்திருக்க வேண்டாம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டதால் குடலில் வரும் ஒரு தொற்று உண்டு, அதற்கு வேறு மருந்து. ஒரு மாதம் கழித்து கிரியாட்டினின் மட்டும் பாருங்கள். 1.7 தொற்றினால் ஏறியதா, முன்பே அப்படியா என்று அதில்தான் தெரியும்.

மகள் விஷயம். இந்தத் துறை ஊட்டியிலும் மைசூரிலும் தொண்ணூறுகளின் பிற்பாதியில் முதுகலைப் படிப்பாகத் தொடங்கியது. பார்ம்.டி. என்ற ஆறு வருடப் படிப்பு 2008-ல் வந்தது. ஐந்து வருடம் பாடம், ஒரு வருடம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ இருந்தால் சேரலாம். கடையில் நிற்கப் படிக்கும் இரண்டு வருட டிப்ளமோவும் இதுவும் ஒன்றில்லை. அண்ணனுக்கு அதையும் சொல்லுங்கள். முடித்தவர்களில் பலர் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்கிறார்கள். போட்டால் தெருவில் எல்லோரும் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வருவார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைக்க வேண்டாம்: அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று தனிப் பணியிடங்கள் இன்னும் பரவலாக வரவில்லை. தனியாரில் ஆரம்பச் சம்பளம் ஆறு வருடப் படிப்புக்கு ஈடானது என்று சொல்ல முடியாது. பலர் மருந்து நிறுவனங்களுக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகிறார்கள். கல்லூரி தேடும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மாணவர்களைத் தினமும் வார்டுக்கு அனுப்பும் ஆஸ்பத்திரி இணைப்பு இருக்கிறதா, அங்கே டாக்டர்கள் அவர்களை ரவுண்ட்ஸில் சேர்த்துக்கொள்கிறார்களா என்று இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் கேளுங்கள். மகளுக்குக் கணக்கும் பிடித்து, மனிதர்களிடம் பேசவும் பிடித்தால் தயங்க வேண்டாம். பேசக் கூச்சம் என்றால் யோசிக்கச் சொல்லுங்கள், நாளில் பாதி நேரம் பேச்சுதான்.

கடைசியாக ஒரு வேலை. அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் கார்டோடு வையுங்கள். அப்பாவுக்கு அடுத்த தடவை நோய் வந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், சீட்டுப் போடும் முன்பே அதை நீட்டுங்கள். போன தடவை எந்தக் கிருமி, எதற்குப் பணிந்தது, கிரியாட்டினின் எவ்வளவு என்று தெரிந்தால் டாக்டர் முதல் நாளே பாதி வேலையை முடித்துவிடுவார்.